கேமராப் பெட்டிக்கு வைத்த பொட்டு

சர்வர் செத்துவிட்டது என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யோடுதான் ஆரம்பிப்பார்கள். "நாங்க எதையுமே தொடல சார்." தொட்டிருப்பார்கள். கழற்றியிருப்பார்கள், மாட்டியிருப்பார்கள், தலையில் ரெண்டு தட்டும் தட்டியிருப்பார்கள். அதனால் யார் சொல்வதையும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. முதலில் பெட்டியைப் பார்ப்பேன், சத்தத்தைக் கேட்பேன், மூக்கை வைத்து முகர்ந்துகூடப் பார்ப்பேன். கடைசியில்தான் கை வைப்பேன். மனிதர்கள் நேரத்துக்கு ஒன்று பேசுவார்கள், இயந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது என் கட்சி.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு இருந்தது. எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டோம், இனி அறையும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று ஒரு நாள் அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து படூரில் என் வீட்டு ஹாலில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு சொந்தமாகப் பிழைக்கிறேன். கிளவுடு எட்டிப் பார்க்காத இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. கல்லூரி, ஸ்கேன் சென்டர், கடலோர ரிசார்ட். கடலோரம்தான் எனக்குச் சோறு போடுகிறது. உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடிக்கும், இணைப்புகளின் செம்புக் கால்களில் பச்சை பூக்கும், நேற்று ஓடியது இன்று நிற்கும்.

போன வருஷம் தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்த சமயத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற ஒரு ரிசார்ட்டின் மேனேஜர் கூப்பிட்டார். கேமரா சர்வர் எழவில்லை, அவசரம், போலீஸ் விவகாரம் என்றார். பைக்கில் போய் இறங்கினேன். கேட்டுக்கு வெளியே சவுக்கு நிழலில், ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் அவரைப் பார்க்காதது போல் வேறு பக்கம் திரும்பி நின்றான். எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டான்.

மேனேஜர் என்னைவிடச் சின்னவர், கழுத்தில் டை, பேச்சில் அவசரம். விஷயத்தைச் சொன்னார். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியிருக்கிறது. அந்த அம்மாவின் தங்கச் சங்கிலியைக் காணோம். அன்று அந்த அறையைக் கூட்டித் துடைத்தவர் ஹவுஸ்கீப்பிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண். கெஸ்ட் கூச்சல் போட, இவர் போலீசைக் கூப்பிட, மத்தியானமே ஜீப் வந்து அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பொழுது சாயும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து, கூப்பிட்டபோது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் இவர்களுக்குக் கேமரா ஞாபகம் வந்திருக்கிறது. வந்து பார்த்தால் சர்வர் செத்துக் கிடக்கிறது.

"அன்னைக்குன்னு பாத்து ஏன் சார் சாகணும்? அதான் எங்க டவுட்டு" என்றார்.

கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர் யார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

சர்வர் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறையில் இருந்தது. ஒரு பக்கம் துவைத்த படுக்கை விரிப்பு மூட்டைகள், இன்னொரு பக்கம் கடலைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னல். அதில் கண்ணாடி பாதிதான் இருந்தது. பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, விசிறிகள் இரைந்தன. கருகல் வாடை இல்லை. அப்படியென்றால் பவர் சப்ளை பிழைத்திருக்கிறது. திரையில் மெமரி கணக்கும் சரியாக வந்தது. அதற்கப்புறம்தான் நின்றது. நான்கு டிஸ்க்குகள் சேர்ந்து ஒரு பெரிய டிஸ்க்காக இருக்க வேண்டிய இடத்தில், அப்படி ஒன்றே இல்லை என்று எழுதியிருந்தது. கீழே ஒரு கேள்வி: பழைய அமைப்பை அழிக்கவா, சேர்க்கவா?

"இதுல எதையாவது அமுக்கினீங்களா?"

"இல்ல சார். கேமரா போட்டவங்க போன்ல 'அழி'ன்றத அமுக்கச் சொன்னாங்க. பயமா இருந்துச்சு, விட்டுட்டோம்" என்றார் ஃப்ரன்ட் ஆபீசில் இருப்பவர். அந்தப் பயத்துக்கு ஒரு கோயில் கட்டலாம்.

பெட்டியின் முகப்பைப் பார்த்தேன். நான்கு டிஸ்க்குகளும் புத்தகம் அடுக்கினாற்போல நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஆயுத பூசைக்கு வைத்தது. அப்படி வைத்த பொட்டை யாரும் அழிக்க மாட்டார்கள், அடுத்த பூசை வரை அது இருக்கும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில்தான், ஆனாலும் வாடிக்கையாளர் யாராவது வருஷாவருஷம் என் டூல்ஸ் பைக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவார். நானும் அழிப்பதில்லை. அதில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் இந்தப் பொட்டுகள் எங்கே உட்கார்ந்திருந்தன என்பதுதான் விஷயம். ஒவ்வொரு டிஸ்க்கின் மேல் நுனியிலும் கடுகு அளவில் ஒரு விளக்கு இருக்கும். நலமாக இருந்தால் பச்சை, நோய் வந்தால் மஞ்சள். பொட்டு வைக்கத் தோதாக நெற்றி மாதிரி இருக்கும் இடம் அதுதான். வைத்தவர் நான்கிலும் அங்கேயே வைத்திருக்கிறார்.

நகத்தால் சுரண்டினேன். இரண்டில் பச்சை. இரண்டில் மஞ்சள்.

மேனேஜருக்குப் புரியும்படி சொன்னேன். நாலு பேர் பாடை தூக்கிப் போகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் கால் இடறி விலகிவிட்டால் மற்ற மூன்று பேரும் தோளை மாற்றிச் சமாளித்துவிடுவார்கள். ஊர்வலம் நிற்காது, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இரண்டாவது ஆளும் விலகினால் பாடை கீழே. இங்கே ஒரு டிஸ்க் மழைக்காலத்திலேயே செத்துவிட்டது, டிஸ்க்குகளைக் கட்டி மேய்க்கிற கார்டு தன் நினைவில் அதைக் குறித்து வைத்திருக்கிறது. மற்ற மூன்றும் இத்தனை நாள் சுமந்திருக்கின்றன. அன்று மாலை இன்னொன்றும் விழுந்துவிட்டது. முதல் மஞ்சள் விளக்கை யாராவது பார்த்திருந்தால் ஒரு புது டிஸ்க் போட்டிருக்கலாம், இந்தப் பேச்சே வந்திருக்காது.

சொல்லி முடித்ததும்தான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. மேனேஜர் முகம் மலர்ந்தது.

"பொட்டு வெச்சதே அவதான் சார். பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் அவதான் வெச்சா. லைட்ட மறைச்சிருக்கா பாருங்க, எவ்ளோ பிளான்."

"பூசை மழைக்கு முன்னாடி. அப்ப நாலு டிஸ்க்கும் உயிரோட இருந்துச்சு. தைல காணாம போகப் போற சங்கிலிக்கு புரட்டாசியிலயே பிளான் போட்டாங்களா?"

"அதில்ல சார்..."

"டிஸ்க் செத்தா பெட்டி கத்தும். பீப் பீப்னு நாளெல்லாம் கத்தியிருக்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அந்த மணியோசை யார் காதுலயும் விழலையா?"

ஃப்ரன்ட் ஆபீஸ்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். கத்தியிருக்கிறது. மாடியில் இருந்த கெஸ்ட் ஏதோ சத்தம் வருகிறது என்று குறைசொல்ல, மேனேஜர்தான் அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கேமரா போட்டவர்கள் போனிலேயே வழி சொல்ல, சத்தத்தை அணைத்துவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பேச்சை மாற்றுவதற்காக மேனேஜர் கேட்டார்.

"உங்களுக்கு நேட்டிவ் எது சார்?"

"அச்சரப்பாக்கம்."

"அச்சரப்பாக்கத்துல எங்க?"

இந்த இரண்டாவது கேள்வியை நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரா, காலனியா என்று நேராகக் கேட்க வாய் கூசுகிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். ஏரிக்கரைப் பக்கம் என்றேன். ஏரிக்கு இரண்டு கரை. அவருக்கு அது போதவில்லை, ஆனாலும் என் சட்டையையும் லேப்டாப்பையும் பார்த்துத் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, தன் ஆளிடம் பேசுவது போலச் சொன்னார்.

"காலனி ஆளுங்க சார். நம்பி உள்ள விட்டோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் டிஸ்க்கைத் தொடக்கூடாது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். என் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் யாருடைய நெல்லையோ அறுத்துக்கொடுத்துவிட்டு மடியை உதறிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். அதை அங்கேயே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் சொல்லியிருந்தால் வேலையை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள், அந்த ஆள் 'அழி'யை அமுக்கியிருப்பான்.

டீக்கடை ரோட்டுக்கு எதிரில். அந்தப் பெண் எழுந்து என் பின்னாலேயே வந்தார்.

"சார், நீங்கதான் கேமரா பொட்டி சரி பண்ண வந்தவரா?"

"ஆமாக்கா."

"எட்த்துடுவீங்களா?"

"பாக்கறேன். சொல்ல முடியாது."

ஒரு டீ சொன்னேன், வேண்டாம் என்றார். நின்றுகொண்டே பேசினார். திருப்போரூரில் அவர் மகளுக்கு ஒரு இடம் பேசியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவதாக இருந்தது. ஜீப்பில் ஏற்றிய அன்றே ரோட்டில் போன எவரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்த விவகாரம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. மகள் அழவில்லை, பேசவும் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்றார்.

"நான் எடுக்கலன்னு அந்தப் பொட்டிக்குத்தான் சார் தெரியும். வேற யாரு கீறாங்க எனக்கு சொல்றதுக்கு?"

நான் டீக்குக் காசை எடுத்துக்கொடுத்தேன்.

"நாந்தான் சார் அதுக்குப் பொட்டு வெச்சேன். அதனாலதான் பூட்ச்சின்னு உள்ள பேசிக்கிறாங்களாமே. மெய்யாலுமா?"

"இல்லக்கா. நீங்க வெச்சப்ப அது நல்லா இருந்துச்சு. அப்பாலதான் கெட்டுச்சு. கத்துச்சு, கத்தினத அடக்கிட்டாங்க."

"லைட்ட மறைச்சிட்டேன்றாங்க."

"மறைக்காட்டியும் ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க."

அது உண்மைதான். அந்த அறைக்குள் போகிற ஒரே ஆள் அவர்தான், துடைப்பத்தோடு.

திரும்பிப் போய் வேலையில் இறங்கினேன். ஒரு சிக்கல் இருந்தது. "எதையுமே தொடல" என்றவர்கள் நான்கு டிஸ்க்குகளையும் உருவி, ஊதி, திரும்பச் செருகியிருந்தார்கள். எது எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புது இயந்திரங்களுக்கு இடம் மாறினாலும் பிள்ளைகளை அடையாளம் தெரியும். இது பழைய கார்டு. இதற்கு அந்த ஞாபகசக்தி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. வரிசை தப்பி எழுத ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் கூழ்.

வெகுநேரம் முகப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் சந்தனம் கண்ணில் பட்டது. அவர் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைக்கவில்லை. மூன்று விரலைத் தோய்த்து, இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒரே இழுப்பாகப் பட்டை இழுத்துவிட்டு, அப்புறம் நான்கு பொட்டு வைத்திருக்கிறார். ஒரே இழுப்பில் முதலில் சந்தனம் தடிப்பாக விழும், போகப் போக மெலியும், கடைசியில் விரல் ரேகை மட்டும் தெரியும். இப்போது மெலிந்த டிஸ்க் முதலில் நின்றது, தடித்தது மூன்றாவதாக. தடிப்பை முதலில் வைத்து, மெலிந்ததைக் கடைசியில் வைத்து, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டுகிறதா என்று பார்த்தேன். ஒட்டியது. மூன்று கோடும் வளைவு பிசகாமல் நான்கு டிஸ்க்கிலும் ஓடின. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உங்கள் வீடியோ கிடைத்தால் அந்தப் பெண் இழுத்த பட்டையால்தான் கிடைக்கும் என்றேன். அவர் சரி சார், சரி சார் என்றார்.

மீதி வேலை பொறுமைதான். மழைக்காலத்தில் செத்த டிஸ்க்கை ஒதுக்கி வைத்தேன். அதில் இருப்பது பழைய கணக்கு, அதைச் சேர்த்தால் குட்டை குழம்பும். அன்று மாலை விழுந்ததுதான் வேண்டும். அது உண்மையில் சாகவே இல்லை. ஜன்னல் பக்கத்துக் கடைசி இடத்தில் அது செருகும் வாயில், செம்புக் கால்கள் பச்சைப்பாசி பிடித்தாற்போல இருந்தன. உப்பு. பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டு, பச்சை போகும்வரை துடைத்தேன். டிஸ்க்குகளைப் படூருக்கு எடுத்து வந்து ஒவ்வொன்றையும் புது டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுத்தேன். அசலில் கை வைத்துப் பரீட்சை செய்கிறவன் மடையன். மறுநாள் ரிசார்ட்டுக்குப் போய்ப் பிரதிகளை அதே வரிசையில் செருகி, விழுந்ததை எழுந்து நில் என்று கட்டாயப்படுத்தி, எதையும் எழுதாதே, படிக்க மட்டும் செய் என்று பூட்டிவிட்டு ஓட்டினேன். மூன்று பேர் தோள் கொடுத்தார்கள். பாடை எழுந்தது.

அன்றைய வீடியோவை மேனேஜரும் நானும் அந்த மாடிப்படி அறையில் உட்கார்ந்து பார்த்தோம். அறைக்கு வெளியே இருக்கும் வராந்தா கேமரா. அந்தப் பெண் தள்ளுவண்டியோடு வருகிறார். விதிப்படி வண்டியைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தி, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு வேலை செய்கிறார், முடித்துவிட்டுப் போகிறார். அதற்கு அப்புறம் அந்தச் சென்னை அம்மா வருகிறார், உள்ளே போகிறார், குளிக்கிற துண்டோடு வெளியே வருகிறார். கழுத்தில் சங்கிலி பளிச்சென்று தெரிகிறது. கடலுக்குப் போய்விட்டு ஈரத்தோடு திரும்பும்போது கழுத்து வெறுமையாக இருக்கிறது.

"கடல்ல போட்டுட்டு வந்திருக்காங்க" என்றார் மேனேஜர். அவ்வளவுதான் சொன்னார்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணை வராந்தாவுக்குக் கூட்டி வருகிறார்கள். மேனேஜர் இருக்கிறார், அந்தச் சென்னை அம்மா இருக்கிறார், ஃப்ரன்ட் ஆபீஸ்காரர் இருக்கிறார். முதலில் கூடையைத் தரையில் கவிழ்க்கச் சொல்கிறார்கள். சோற்று டப்பா உருள்கிறது. அதைத் திறந்து காட்டுகிறார். பிறகு கொண்டையை அவிழ்த்து உதறுகிறார். பிறகு சென்னை அம்மா ஏதோ சொல்ல, முந்தானை ஊசியைக் கழற்றி, புடவையை உதறிக் காட்டுகிறார். யாரும் திரும்பிக்கொள்ளவில்லை. பக்கத்து அறைக் கதவு திறந்து அங்கிருந்தும் இரண்டு பேர் பார்க்கிறார்கள்.

"இது தேவையில்ல சார்" என்று மேனேஜர் மவுசைப் பிடுங்கி ஓட்டினார்.

அவர் கெஸ்ட்டுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "நோ ப்ராப்ளம் மேடம், தேங்க்யூ மேடம்" என்று வைத்தார். புகாரை வாபஸ் வாங்கிவிடுவார்களாம். பிறகு கேட்டுக்கு ஆள் அனுப்பி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் மேல தப்பில்ல, திங்கக்கிழமைலேர்ந்து டூட்டிக்கு வா" என்றார். மன்னிப்பு என்கிற சொல் அவர் வாயில் வரவில்லை. அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்.

"சார், அத என் போன்ல ஏத்திக் குடுத்தீங்கன்னா சம்பந்தி வூட்ல காட்டுவேன்."

"கெஸ்ட்டோட ப்ரைவசிமா. வெளிய குடுக்க முடியாது."

கொண்டையை அவிழ்த்துப் பார்த்தபோது இந்த ப்ரைவசி எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பிரதி என் லேப்டாப்பில் இருந்தது. மேனேஜர் சொன்னபடி நான்கு புது டிஸ்க் போட்டு, பீப் சத்தத்தைத் திரும்ப உயிர்ப்பித்து, ஜன்னலை அட்டை வைத்து அடைத்தேன். கெஸ்ட் நாளை மாற்றிப் பேசினால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். அந்த ஒரு நாள் வீடியோவை மட்டும் காலையிலிருந்து மாலை வரை தனியாக எடுத்து, புது பதிவுகள் மேலேறி அழிக்காதபடி பூட்டி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

வெளியே வந்து டீக்கடையில் அந்தப் பெண்ணின் போனில் ஏற்றிக்கொடுத்தேன். அவர் அறைக்குள் போவதிலிருந்து, அந்தச் சென்னை அம்மா வெறுங்கழுத்தோடு திரும்பி வருவது வரைக்கும்.

"இதுக்கு மேல வேணாம்னு நான் வெட்டிட்டேன்க்கா."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாத்துட்டீங்களா" என்றார்.

"வூட்ல தெரியுமாக்கா?"

"தெரியாது. பொண்ணுக்குத் தெரியவே கூடாது சார்." கொஞ்சம் கழித்து, "நீங்களும் கூட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க ஆபீசர் மாதிரி கீறீங்க" என்றார்.

போனேன். திருப்போரூரில் மனை விற்கிற போர்டுகளைத் தாண்டி ஒரு தெருவில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீடு. நல்ல மாதிரி மனிதர்கள்தான். நாற்காலி போட்டார்கள், கலர் வாங்கி வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு தனியார் கம்பெனி சட்டையோடு கதவோரம் நின்றான். மாப்பிள்ளையின் அம்மா, தாய்மாமன், நான்கைந்து பேர் போனைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். நான் என் தொழில் பாஷையில் கொஞ்சம் விளக்கினேன். சங்கிலியோடு போனது, சங்கிலி இல்லாமல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம், அநியாயமா ஜீப்புல ஏத்தினு போய்ட்டாங்களே" என்றார். பூ வைக்கிற பேச்சு திரும்ப வரப்போகிறது என்று நினைத்தேன்.

தாய்மாமன் போனைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, இத்தோட நின்னுகினு கீது? அப்பால இன்னா ஆச்சு? கம்ப்ளெய்ன்ட் குடுத்தப்ப இவங்கள கூப்ட்டு விசாரிச்சிருப்பாங்கல்ல. அது எங்க?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என் பையில் லேப்டாப் இருக்கிறது, அதில் மிச்சம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதைக் காட்டினால் இந்த வீட்டில் யாருக்கும் ஒரு சந்தேகமும் மிஞ்சாது. மாப்பிள்ளை கதவோரம் நின்றுகொண்டிருந்தான். அவர் தலையை லேசாக, இல்லை என்று அசைத்தார்.

"அதுக்கு மேல டிஸ்க் போயிடுச்சு. எடுக்க முடியல" என்றேன்.

"அதெப்படி சார்" என்றார் தாய்மாமன். மரியாதையாகத்தான் கேட்டார். "உங்களுக்கு வேணுன்றது மட்டும் கெடைக்கிது, வேணான்றது கெட்டுப்பூடுதா?"

பெட்டியை நம்பலாம், மனிதர்களை நம்பக்கூடாது என்பவன் நான். அந்த வீட்டில் பெட்டியின் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னவனும் நான்தான். அவர் கேட்டது எந்த மடையனுக்கும் தோன்றுகிற நியாயமான கேள்வி. நான் ஏதோ தொழில் வார்த்தைகளைச் சொல்லி மழுப்பினேன். மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும்.

பஸ் நிலையத்துக்கு வந்தோம். மாமல்லபுரம் பஸ் வருகிற வரை நான் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுக் கூட நின்றேன்.

"அந்த மிச்சம் கீதே சார்" என்றார். "அது மெய்யாலுமே பூட்டிருக்கக்கூடாதா?"

லேப்டாப்பைத் திறந்தேன். பைக் சீட்டின் மேல் வைத்து, அவர் கண்ணெதிரிலேயே என்னிடம் இருந்த பிரதியை அழித்தேன். திரும்ப எடுக்க முடியாதபடி அதன் மேல் வெறும் பூச்சியங்களை எழுதினேன்.

"எல்லாம் பூட்ச்சா?"

"என்கிட்ட இருந்தது போயிடுச்சுக்கா."

"அங்க?"

அங்கே நான்கு புது டிஸ்க் இருக்கின்றன. இனி ஒன்று செத்தாலும் மூன்று சுமக்கும், சத்தம் கேட்டு வந்து நான் நாலாவதைப் போட்டுவிடுவேன். அந்த ஒரு நாளை யாரும், எதுவும் அழிக்க முடியாதபடி பூட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அங்க இருக்கும்" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். பஸ் வந்தது, ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தார். திங்கட்கிழமை காலையில் அதே வராந்தாவில், அதே கேமராவுக்குக் கீழே அவருக்கு டூட்டி.